டெலிபோனில் நர்சு வரட்டும், லீவு எங்கே?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தாய்மாருக்கு, பால் கொடுப்பதில் வரும் கஷ்டங்களுக்கு டெலிபோன் மூலமாகவும் வீடியோ மூலமாகவும் நர்சுகள் யோசனை சொல்லும் முறை வெளிநாடுகளில் பரவிவருகிறது. நம் நாட்டிலும் 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில், தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கு மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. அதிலிருந்து எல்லா வைத்தியத்துக்கும் செல்போனே மருந்து என்கிற பேச்சு அதிகாரிகள் வட்டாரத்தில் பலமாக அடிபடுகிறது.

பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டுக்கும், நாற்று நடும் விவசாயத் தொழிலாளியின் குடிசைக்கும் இதனால் என்ன பிரயோஜனம்? நம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த உதவி வேண்டும். கேட்டு வாங்கவேண்டும். ஆனால் இதைக் காட்டி, தாய்க்கும் குழந்தைக்கும் சேரவேண்டிய மற்றவற்றை மறுப்பதற்கு யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

விஷயம் என்ன என்று பார்ப்போம்.

கர்ப்பத்தில் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்று ஐ.நா. ஸ்தாபனங்கள் 2023-ல் கணக்கு வெளியிட்டன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியக் குழந்தைகள். அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல் நம்முடையது. ஏன் இப்படிப் பிறக்கின்றன என்பதற்கு எல்லாக் காரணங்களையும் வைத்திய சாஸ்திரம் இன்னும் கண்டுவிடவில்லை. ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, நோய்த்தொற்று, இரட்டைக் கரு, சின்ன வயதிலேயே கர்ப்பம் ஆகியவை தெரிந்த காரணங்கள். நாள் பூராவும் நின்றபடி வேலை, பளு தூக்குதல், இரவு ஷிப்டு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ரிங் பிரேமில் சைடு பார்க்கும் பெண்களுக்கும், சேற்றில் குனிந்து நடவு நடும் பெண்களுக்கும் இதை ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சொல்லவேண்டியதில்லை.

இப்படிப் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை ஒரு காவல் இருக்கிறது. வெதுவெதுப்பான பெட்டி இருக்கிறது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய் போட்டுப் பால் செலுத்துகிறார்கள். தினம் எடை போடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் வார்டில் நர்சு இருக்கிறார். குழந்தை ஒன்றே முக்கால் கிலோ, இரண்டு கிலோ என்று தேறியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பத்தான் வேண்டும், அந்த இடத்துக்கு வேறொரு குழந்தை காத்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் அந்தக் காவல் முழுவதும் ஒரே நாளில் நின்றுபோகிறது. நேற்றுவரை மூன்று ஷிப்டு நர்சுகள் சேர்ந்து செய்த வேலை, இன்றைக்கு ஒரு தாயின் தலையில். அவர் பிரசவித்த உடம்போடு, தூக்கமில்லாமல், பயத்தோடு இருப்பவர்.

பால் கொடுப்பது இயற்கைதானே, இதற்கு நர்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நிறைமாதக் குழந்தைக்கே அது எப்போதும் சுலபமாக வந்துவிடுவதில்லை. குறைமாதக் குழந்தையின் கதை வேறு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒரு தாளத்தில் சேர்ந்து வரவேண்டும். அந்தத் தாளம் சுமார் 34 வாரத்தை ஒட்டித்தான் கூடிவருகிறது. அதற்குப் பிறகும் குழந்தைக்குச் சக்தி போதாது. நாலு வாய் குடித்ததும் களைத்துத் தூங்கிவிடும். பசித்தால் வீறிட்டு அழும் என்று காத்திருந்தால் மோசம் போவோம்; அழுவதற்கும் அதற்குத் தெம்பு இல்லை. இரண்டு மணி, மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்கவேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடித்துக் காலியாக்கினால்தான் பால் மறுபடி ஊறும். குழந்தை சரியாகக் குடிக்காவிட்டால் நாலைந்து நாளில் பால் வற்றத் தொடங்கும். ஆகவே நேராகக் குடிக்கும் பலம் குழந்தைக்கு வரும்வரை, ராத்திரியையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது கையால் பீச்சி எடுத்து, பாலாடையில் ஊட்டவேண்டும். பாலாடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் பாட்டிமார் பித்தளையிலும் வெள்ளியிலும் வைத்திருந்த, சங்கு என்றும் சொல்லும் அந்த மூக்குக் கிண்ணம், புட்டியைவிடக் குறைமாதக் குழந்தைக்கு ஏற்றது என்று இன்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆங்கில வைத்தியப் பத்திரிகைகளில் அதற்குப் பெயர் ‘பாலாடை’ என்றேதான் அச்சாகிறது. நம் வீட்டுப் பெண்களின் கைச்சாமான் உலக வைத்தியத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! (ஒவ்வொரு தடவையும் சோப்பால் கழுவி, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கவேண்டும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள்.)

இத்தனை பாடுபட்டுத் தாய்ப்பாலே கொடுக்கவேண்டுமா? கொடுக்கத்தான் வேண்டும். குறைமாதக் குழந்தையின் குடல் இளசு. குடல் வீங்கி அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் இக்குழந்தைகளைத் தாக்குகிறது. மாவுப்பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. குறைமாதத்தில் பிரசவித்த தாய்க்கு முதல் வாரங்களில் ஊறும் பாலில் புரதச் சத்தும் நோயை எதிர்க்கும் சக்தியும் அதிகம். கடையில் எந்த விலைக்கும் அது கிடைக்காது.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில்தான் காரியம் கெடுகிறது. குழந்தை மெலிந்திருக்கிறதே, பால் போதவில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கச் சொல்வார். ஒருவர் தேன் என்பார். தெருவில் கழுதையை ஓட்டி வருகிறவர் ஒரு சங்குக் கழுதைப்பாலுக்குக் காசு கேட்பார். கடைசியில் மருந்துக்கடை டின் வீட்டுக்குள் வரும். அதன் விலை கூலிக்காரன் வீட்டில் தாங்காது. நாலு நாளில் தீர்ந்துபோகாமல் எட்டு நாள் ஓட்டுவதற்காக ஒரு கரண்டி மாவுக்குத் தண்ணீரைக் கூட்டுவார்கள். குழந்தைக்கு வயிற்றோட்டம் காணும். இதற்குள் தாய்ப்பாலும் வற்றியிருக்கும். குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1992-லேயே வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. ஆனால் கேட்க ஆள் இல்லாத வீட்டுக்கு டின் விளம்பரம் இல்லாமலே வந்துசேர்ந்துவிடுகிறது.

யார்மேலும் குற்றம் சொல்ல நாம் இதை எழுதவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தெரிந்தவர் அருகில் இல்லாதபோது தெரியாதவர் சொல்வதுதான் செல்லும்.

தெரிந்தவரை டெலிபோன் வழியாக அருகில் கொண்டுவருவதே இம்முறையின் சாரம். வார்டில் அந்தக் குழந்தையைப் பார்த்த நர்சு தினம் ஒருமுறை கூப்பிடுகிறார். நேற்றிலிருந்து எத்தனை முறை குடித்தது? எத்தனை துணி நனைந்தது? (நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பால் போகிறது என்று அர்த்தம்.) எழுப்பினால் கண்ணைத் திறக்கிறதா? வீடியோ இருந்தால், குழந்தையின் வாய் காம்பை மட்டும் பிடித்திருக்கிறதா, கருவட்டத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா என்று நேரிலே பார்த்தே திருத்தலாம். மார்பு கட்டிக்கொண்டால் என்ன செய்வது, பீச்சிய பாலை எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் தீரும் சந்தேகங்கள். ஐந்து நிமிஷத்தில் தீராவிட்டால் ஐந்து நாளில் தாய்ப்பாலை நிறுத்திவிடும் சந்தேகங்களும் அவைதான். குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, கைகால் சில்லிட்டாலோ, நிமிஷத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று சொல்லவும் ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் இல்லாமல் விடியட்டும் என்று காத்திருந்து இழந்த குழந்தைகள் உண்டு.

இவ்வளவும் உண்மை. ஆனால் இம்முறையை நல்ல முறையில் சோதித்துப் பார்த்த தேசத்தில் என்ன கண்டார்கள் என்பதையும் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஆறு ஆஸ்பத்திரிகளில், குறைமாதக் குழந்தை பெற்ற சுமார் 500 தாய்மாரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீடு திரும்பிய நாளிலிருந்து 14 நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தினம் கூப்பிட்டு விசாரித்தார்கள். மறு பிரிவினர் தேவைப்பட்டால் தாங்களே கூப்பிடலாம் என்று விட்டார்கள். முடிவு 2018-ல் வெளியாயிற்று. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களின் விகிதத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் தினம் விசாரிக்கப்பட்ட தாய்மாருக்கு மனக்கவலையும் நெருக்கடியும் குறைந்திருந்தன.

டெலிபோன் வியாபாரிகள் இதன் முதல் பாதியைச் சொல்லமாட்டார்கள். பணம் ஒதுக்க மனமில்லாத அதிகாரிகள் இரண்டாம் பாதியைச் சொல்லமாட்டார்கள். நாம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறோம். தாயின் மனக்கவலை குறைவது சாமான்யமான லாபம் அல்ல. குறைமாதப் பிரசவம் கண்ட தாய்மாரில் எத்தனையோ பேர், தன் உடம்புதான் குழந்தையைக் கைவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தினம் ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள் அம்மா என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பால் ஊறுவதற்கு டெலிபோன் மட்டும் போதாது என்பதும் அதே சோதனையிலிருந்து தெரிகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த ஸ்வீடன் தாய்மார் எந்த நிலையில் டெலிபோனை எடுத்தார்கள்? அங்கே ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் சம்பள உதவியோடு லீவு. அதில் 390 நாளுக்கு வருமானத்தை ஒட்டிய தொகை கிடைக்கிறது. பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு வேறு கணக்கில் தனி உதவி உண்டு; அந்த 480 நாளைத் தொடவேண்டியதில்லை. அதாவது அடுத்த வாரம் வேலைக்குப் போயாகவேண்டுமே என்ற கவலை இல்லாத தாயிடம் நர்சு பேசுகிறார். மூன்று மணிக்கு ஒருமுறை கொடுங்கள் என்று சொன்னால், கொடுக்க முடிகிற தாய் அவர்.

நம் நிலை என்ன? 1961-ம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டமும், அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. பிரசவத்தாலோ குறைப்பிரசவத்தாலோ வரும் நோய்க்கு, 26 வார லீவுக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. ஈ.எஸ்.ஐ.யிலும் இப்படி ஒரு மாதம் உண்டு. எத்தனை மில்களில் இதை நோட்டீஸ் போர்டில் போட்டிருக்கிறார்கள்? எத்தனை பெண் தொழிலாளர்களுக்கு இது தெரியும்? தெரிந்து கேட்டாலும் ஒரு பூட்டு இருக்கிறது. சட்டம் தாயின் நோயைப் பற்றிப் பேசுகிறது. ‘உனக்கு ஒன்றுமில்லையே, குழந்தைதானே சின்னது’ என்று ஆபீசில் திருப்பி அனுப்பலாம். குழந்தையின் எடை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 வாரத்தில் குழந்தை பிறக்கிறது. பிறந்த அன்றே லீவு ஓட ஆரம்பிக்கிறது. ஐந்து வாரம் வார்டு வராந்தாவில் தாய் காத்துக் கிடக்கிறார். அதுவும் லீவிலேயே கழிகிறது. 26 வாரம் முடிந்து வேலைக்குப் போகும் அன்று, பத்து வாரம் முன்கூட்டிப் பிறந்த அக்குழந்தை வளர்ச்சியில் 16 வாரக் குழந்தைக்குச் சமம். நிறைமாதத் தாய்க்குக் கிடைத்த காலத்தில் பத்து வாரம் இவருக்குக் குறைகிறது. அதிகமாகத் தேவைப்படுகிறவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. இரண்டு குழந்தை ஏற்கெனவே உள்ள தாயானால் மொத்த லீவே 12 வாரம்தான். குழந்தை உரிய நாளில் பிறந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருக்குமோ, அதிலிருந்து இரண்டு வாரம் கழிவதற்குள் மில் சங்கு அழைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய முடியாது என்பது பொய். பிரிட்டனில் 2023-ல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் 6 முதல் அமல் செய்திருக்கிறார்கள். பிறந்த குழந்தை ஒரு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஆஸ்பத்திரிப் பராமரிப்பில் இருந்தால், வழக்கமான பிரசவ லீவுக்கு மேல் 12 வாரம் வரை பெற்றோருக்குத் தனி லீவு. அங்கேயும் முதலாளிகள்தான் ஆலை நடத்துகிறார்கள். அதனால் ஆலை மூடிவிடவில்லை.

விவசாயத் தொழிலாளியின் நிலைமையோ இதைவிடப் பரிதாபம். அவர்களுக்கு எந்த லீவுச் சட்டமும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. 18,000 ரூபாய் என்கிறார்கள். 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். அந்த ரொக்கத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 78 ரூபாய் தேறும். 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். நாளுக்கு 78 ரூபாயை வைத்துக்கொண்டு வீட்டிலிரு என்றால் எந்தக் குடும்பம் இருக்கும்? நடவு ஆரம்பித்துவிட்டால் இருபது நாளில் கூலி முடிந்துபோகும். அந்த இருபது நாளில் தாய் வயலுக்குப் போனால், பகல் முழுவதும் மார்பு கட்டிக்கொண்டு வரப்பில் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு வருகிறார். வீட்டில் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர். நர்சின் டெலிபோன் மணி மூடிய குடிசைக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் செல்போன்தான் யாரிடம் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே உபயோகிக்கும் செல்போன் உள்ள பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். மற்ற வீடுகளில் போன் கணவரின் சட்டைப்பையில் வேலைக்குப் போகிறது. பாஷையும் ஒரு பிரச்னை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார மில்களில் இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள் வேலை செய்கிறார்கள். தாய்வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். மாமியார் கிடையாது, பாட்டி கிடையாது, பாலாடை கிடையாது. டெலிபோன் நர்சு யாருக்கு மிக அவசியமோ, அந்தத் தாயின் பாஷை தெரிந்த நர்சு மறுமுனையில் இருக்கவேண்டாமா?

மறுமுனையில் இருப்பவரும் தொழிலாளிதான் என்பதை நாம் மறக்கக்கூடாது. 2015-ல் தேர்வு எழுதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு வந்த நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைக்கப்பட்டார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை அலுவலக வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கிராம சுகாதார நர்சு ஒருவருக்குச் சுமார் 5,000 ஜனம். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, ரிஜிஸ்தர், அதையே மறுபடி செல்போனில் பதிவு செய்வது என்று நாள் போய்விடுகிறது. மற்ற மாநிலங்களில் ‘ஆஷா’ ஊழியர்கள் 2011 முதல், பிறந்த குழந்தையை 42 நாளுக்குள் ஆறு முறை வீடு தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். அதற்கு நிர்ணயித்த தொகை 250 ரூபாய். ஒரு தடவைக்கு 42 ரூபாய்கூட இல்லை! இவர்கள் தலையிலேயே டெலிபோன் வேலையையும் ஏற்றிவிட்டு, ஒரு புது நியமனமும் செய்யாமல், திட்டம் துவக்கப்பட்டது என்று போட்டோ பிடித்துக்கொள்வது சுலபம். அல்லது யாரோ ஒரு கம்பெனியிடம் காண்ட்ராக்ட் விட்டு, குழந்தையையே பார்த்திராத ஒருவர் எழுதிவைத்ததைப் படிக்கச் செய்யலாம். இரண்டையும் ஏற்கமுடியாது. குழந்தையைக் கையில் எடுத்த வார்டிலிருந்தே டெலிபோன் வரவேண்டும்; அதற்கென்று நிரந்தர நர்சுகளைக் கூடுதலாக நியமிக்கவேண்டும்.

டெலிபோன் எடை போடாது. பாதம் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காது. ஆகவே தராசோடு வீட்டுக்கு வரும் நர்சு தேவை. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் குறைமாதக் குழந்தைகளுக்காக வெளியிட்ட சிபாரிசுகளில், பயிற்சி பெற்ற ஊழியர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைச் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட பெற்றோரின் விசேஷத் தேவைக்கு ஏற்ப லீவு இருக்கவேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. நம் கோரிக்கையை அதீதம் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அதே சிபாரிசில் இன்னொன்றும் உண்டு. குழந்தையை வெற்று மார்போடு மார்பாக அணைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை. கொலம்பியா நாட்டின் போகோடா நகரில் 1978-ல், வெதுவெதுப்புப் பெட்டிகள் போதாமல் ஒரு பெட்டியில் பல குழந்தைகளை வைக்கவேண்டிய நிலையில், எட்கார் ரே என்ற டாக்டர் தாயின் உடம்பையே பெட்டியாக்கினார். ஏழை ஆஸ்பத்திரியில் பிறந்த வைத்தியம் இது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாளில் சாவு நாலில் ஒரு பங்கு குறைந்தது. குழந்தைக்குச் சூடு, தாய்க்குப் பால் ஊறுதல் இரண்டும் இதில் கிடைக்கும். நாளைக்கு எட்டு மணி நேரமாவது, முடிந்தால் அதற்கு மேலும் செய்யச் சொல்கிறார்கள்.

இங்கே ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் குழந்தையை மார்பில் கட்டியபடி ஒரு பெண் அடுப்பையும் பார்த்து, தண்ணீரும் எடுத்து, துணியும் துவைக்க முடியுமா? பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாம் செய்யலாம். தகப்பனின் மார்பிலும் அதே சூடுதான் இருக்கிறது. ஷிப்டு முடிந்து வந்து குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் குழந்தையைத் தாங்கிக்கொண்டால் தாய் தூங்குவார். தூங்கினால் பால் ஊறும். அந்த முதல் மாதம் செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சங்கத்தில் பெண்கள் பிரச்னை என்று ஒதுக்கி, அஜெண்டாவின் கடைசியில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடவேண்டும்.

நாம் கேட்பது இவை. குறைமாதக் குழந்தையோடு வீடு திரும்பும் ஒவ்வொரு தாய்க்கும் அந்த வார்டிலிருந்தே 14 நாள் தினம் டெலிபோன். ராத்திரியில் கூப்பிட்டாலும் எடுக்க ஆள். தமிழ் தெரியாத தொழிலாளிக்கு அவர் பாஷையில் பேச ஏற்பாடு. போன் இல்லாத வீட்டுக்கு முதல் வாரமே தராசோடு நர்சு. இந்த வேலைக்குக் காண்ட்ராக்ட் இல்லாத புது நியமனம். குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த ஒவ்வொரு நாளையும் பிரசவ லீவோடு கூட்டிக் கொடுக்கும்படி சட்டத் திருத்தம். அதுவரை இப்போதுள்ள ஒரு மாத லீவைத் தாய்க்கு நோய் இல்லை என்று சொல்லி மறுக்காதபடி சர்க்கார் உத்தரவு. விவசாயத் தொழிலாளர் பெண்களுக்கு, குறைமாதப் பிரசவமானால் கூலிக்கு ஈடான தொகை, நடவுக் காலம் உட்பட.

இதற்காக இந்த மாதமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு மில் கிளையும் கடந்த இரண்டு வருஷத்தில் தம் மில்லில் குறைமாதத்தில் பிரசவித்த பெண் தொழிலாளர் எத்தனை பேர், அவர்களில் அந்த ஒரு மாத லீவைச் சம்பளத்தோடு பெற்றவர்கள் எத்தனை பேர், கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், லீவு தீர்ந்து வேலையை விட்டே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துக் கணக்கெடுக்கவேண்டும். கேட்பதைப் பெண் தோழர்கள் கேட்கட்டும்; பேரை எழுதவேண்டாம், எண்ணிக்கை போதும். விவசாயத் தொழிலாளர் கிளைகள், பிரசவத்துக்குப் பின் எத்தனையாவது நாள் வயலுக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். கணக்கை அடுத்த மாதம் 10-ந் தேதிக்குள் நமது ஆபீசுக்கு அனுப்புங்கள். ஊர் வாரியாக வெளியிடுகிறோம். அதே தாளை எடுத்துக்கொண்டு தொழில் இலாகா அதிகாரியிடமும் சுகாதார இலாகா அதிகாரியிடமும் போகலாம்.